எத்தனை பொருள், எத்தனை காரணம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சில இடங்கள் விரிக்கப்பட்டுள்ளன)



அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு வருகிறவர் அறக்கட்டளையின் பணத்தைப் பற்றிப் பேசுவது வழக்கமில்லை. நிறுவியவரை வாழ்த்திவிட்டு இலக்கியத்துக்கோ சமயத்துக்கோ போய்விடுவார்கள். நான் இன்று அந்தப் பணத்தைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். ஒருவர் தம் தாய் தந்தையர் நினைவாக ஒரு தொகையை வங்கியில் நிலையான வைப்பாக இட்டு, வட்டியில் ஆண்டுதோறும் ஒரு பேச்சும் ஒரு பரிசும் நடக்க வேண்டும் என்று எழுதிவைக்கிறார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வட்டி தவறாமல் வருகிறது. மண்டப வாடகைக்குத்தான் போதவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பள்ளிக்கூடங்களிலும் வாசிகசாலைகளிலும் கோயில்களிலும் இப்படித் தேய்ந்துபோன நிதியங்கள் பல. ஒருவரும் களவெடுக்கவில்லை, கணக்கும் ஒழுங்காகவே எழுதப்பட்டிருக்கிறது. காசின் பெறுமதி போய்விட்டது, அவ்வளவுதான்.

நம் முன்னோர் இந்தச் சிக்கலை அறியாதவர்கள் அல்லர். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நொந்தா விளக்கு எரிப்பதற்கு 96 ஆடுகள் கொடுப்பது வழக்கம். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் குறிக்கும் மந்தை அது. ஆடு செத்தாலும் கிழடானாலும் எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பது இடையர் பொறுப்பு. இன்றைய நிதி ஆலோசகர் ஒருவர் இதைப் பார்த்தால் வியந்துபோவார். முதல் குட்டி போட்டுப் பெருகும் பொருளில் இருக்கிறது. வருவாய் தேவைப்படும் பொருளாகவே, நெய்யாகவே வருகிறது. ஆடு இறக்கும் நட்டமும் கோயிலைச் சேராது. நாணயத்தின் மதிப்பு எப்படிப் போனாலும் விளக்கு எரியும்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் காசாக வந்த கொடைகளும் உண்டு. அவற்றை ஒரே கையில் கொடுக்காமல் பல ஊர்ச் சபைகளுக்கு வட்டிக்குக் கொடுத்தார்கள். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஊர்கள் பலவானபடியால் ஓர் ஊர் கொடுக்காவிட்டாலும் இன்னோர் ஊர் கொடுக்கும். ஆனால் அந்த ஊர்களில் பெரும்பாலானவை காவிரி நீரை நம்பியவை. காவிரி பொய்த்தால் எத்தனை ஊரில் காசு இருந்து என்ன பயன்?

இந்தக் கேள்விதான் இன்றைய பேச்சின் பொருள். உலகின் பெரிய முதலீட்டு நிறுவனங்கள் கணிதப் பட்டதாரிகளையும் பௌதிகவியலாளர்களையும் கூட்டிவைத்து விடை தேடிக்கொண்டிருப்பதும் ஏறத்தாழ இதே கேள்விக்குத்தான்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1952 இல் ஹரி மார்க்கோவிட்ஸ் என்ற இளைஞர் முதலீட்டுத் தொகுப்பைத் தெரிவுசெய்வது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1990 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன் சாரத்தை நான்கு எண்களில் காட்டலாம். ஒரு பொருளின் விலை ஆண்டுக்கு 20 சதவீத அளவில் ஏறி இறங்குகிறது என்று கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அப்படிப்பட்ட நான்கு பொருள்களில் சமமாகப் பணத்தைப் போட்டால் மொத்தத்தின் ஆட்டம் 10 சதவீதமாகக் குறையும். பதினாறு பொருள் என்றால் 5 சதவீதம். இனி, அந்தப் பொருள்களுக்கிடையே இணைபு 0.5 என்று வையுங்கள். அதாவது முழுக்க ஒன்றாக ஆடாவிட்டாலும் ஓரளவு சேர்ந்தே ஆடுகின்றன. அப்போது நூறு பொருள்களில் பரப்பினாலும் ஆட்டம் 14.2 சதவீதம். ஆயிரம் பொருளாக்கினால் 14.1. சாதாரண தர மாணவர் ஒருவரே வர்க்கமூலம் எடுத்துச் சரிபார்க்கலாம்.

உறவில்லாத நான்கு பொருள், உறவுள்ள ஆயிரம் பொருளைவிடப் பாதுகாப்பு. எத்தனை பொருள் வைத்திருக்கிறோம் என்பதை எண்ணுவது சுலபம். எத்தனை வேறுவேறு காரணங்களால் அவை விழக்கூடும் என்று எண்ணுவதுதான் கடினம்.

யாழ்ப்பாணத்தார் பரப்பிவைப்பதில் பின்நின்றவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. தேசவழமை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகுத்துவைத்திருக்கிறது. காணி, பனந்தோப்பு, நகை, ஒத்திக்குக் கொடுத்த காசு, சீட்டு, அரசாங்க உத்தியோகத்தில் ஒரு மகன், வெளியூரில் ஒரு மகன் என்று நம் குடும்பங்கள் வைத்திருந்த தொகுப்பைப் பார்த்தால் மார்க்கோவிட்ஸே பாராட்டியிருப்பார். இருந்தும் ஒவ்வொரு தலைமுறையிலும் அந்தத் தொகுப்பு ஒரு முறையாவது மொத்தமாக விழுந்திருக்கிறது.

மலையாளத்துக்குப் புகையிலை அனுப்பிய காலத்தைச் சுருக்கமாகத் தாண்டுகிறேன். திருவிதாங்கூரில் தீர்வை ஏறினால் இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் விலை இறங்கும். அது ஒரே பயிர், ஒரே சந்தை என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. மலாயாக் காலம் வேறு. ஒரு மகன் கோலாலம்பூரில் ரெயில்வேயில், ஒருவர் ஈப்போவில் கிளார்க், ஒருவர் சிங்கப்பூரில் என்று மூன்று சம்பளம் மூன்று ஊரிலிருந்து வந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது; 1945 செப்டெம்பர் வரை மூன்று சம்பளமும் சேர்ந்தே நின்றன. ஊர் மூன்றானாலும் சாம்ராச்சியம் ஒன்று.

தீவகத்தாரின் கடைகளை எடுத்துக்கொள்வோம். காரைநகர், புங்குடுதீவு வணிகர்கள் தென்னிலங்கை முழுவதும் கடை போட்டவர்கள். கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று, காலியில் ஒன்று என்று அண்ணன் தம்பி மைத்துனர் பிரித்து நடத்தினார்கள். ஓர் ஊரில் வியாபாரம் படுத்தால் மற்ற ஊர் தாங்கும். கொழும்பில் துறைமுகம், மலைநாட்டில் தேயிலை, தெற்கில் கறுவாவும் தேங்காயும் என்று ஒவ்வோர் ஊரின் வரவுக்கும் வேறுவேறு அடிப்படை இருந்தது. யாராவது பத்து ஆண்டு விற்பனைக் கணக்கை எடுத்து இணைபு பார்த்திருந்தால் மிகக் குறைவாகவே வந்திருக்கும். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் ஒரே கிழமைக்குள் அத்தனை கடைகளும் எரிந்தன. 1958 இன் கலவரமும் 1977 இன் கலவரமும் முன்னறிவித்திருந்தும், கடைப் புத்தகத்தில் அந்தக் காரணத்துக்கு ஒரு பத்தி இருக்கவில்லை.

1977 இல் தோட்டக்காரருக்கு வந்ததும் இதே வகை. 1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால் யாழ்ப்பாணத் தோட்டங்களில் காசு புழங்கியது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர்கள்கூட மிளகாய் செய்தார்கள். விவேகமுள்ள கமக்காரர் ஒரே பயிரை நம்பவில்லை. மிளகாய், சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு, திராட்சை என்று நான்கு வைத்தார். மிளகாயில் நோய் விழுந்தால் வெங்காயம் காப்பாற்றும்; மழையில் வெங்காயம் அழுகினால் கிழங்கு இருக்கும். நாளாந்த விலைகளைப் பார்த்தால் நான்கும் நான்கு வழியில் போயிருக்கும். ஆனால் நான்கின் விலையையும் மேலே தூக்கிப் பிடித்திருந்தது கொழும்பில் இருந்த ஒரே ஒரு கட்டுப்பாடு. 1977 ஜூலையில் ஆட்சி மாறியது. நவம்பர் வரவுசெலவுத் திட்டத்துடன் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. நான்கு பயிரும் சேர்ந்து அடிபட்டன.

மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1971 முதல் 1976 வரையான விலைகளை இன்றைய கணினிக்குக் கொடுத்தாலும் அது இந்த ஆபத்தைக் கண்டுபிடிக்காது. அந்த ஆறு ஆண்டுகளில் இறக்குமதிக் கொள்கை அசையவில்லை. அசையாத காரணம் தரவில் தெரியாது. இணைபு என்பது இதுவரை அசைந்தவற்றின் உறவை அளப்பது. அளவை முறையின் பலமும் பலவீனமும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கின்றன என்பது என் துணிபு.

இனி அந்த முறையைப் பார்ப்போம். அளவைசார் முதலீடு என்றால், வாங்குவதையும் விற்பதையும் முன்னரே எழுதிவைத்த விதியின்படி, விலை வரலாற்றில் சோதித்துப் பார்த்துச் செய்வது. விதிகளில் மிகப் பழையதும் எளியதும் போக்கைப் பின்தொடர்தல். இன்றைய விலை பன்னிரண்டு மாதத்துக்கு முந்திய விலைக்கு மேலே இருந்தால் வாங்கி வைத்திரு. கீழே இருந்தால் விற்ற நிலையில் இரு. எவ்வளவு பணம் என்பதையும் விதியே சொல்லும். ஒரு சந்தை நாளுக்கு 1 சதவீதமும் இன்னொன்று 4 சதவீதமும் ஆடினால், பின்னதற்கு முன்னதின் கால்பங்குப் பணமே. பொருளைப் பற்றிய அபிப்பிராயம் எதுவும் தேவையில்லை. 2012 இல் மொஸ்கோவிட்ஸ், ஊய், பெடர்சன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு 58 எதிர்காலச் சந்தைகளில், அதாவது பின்னொரு நாளில் கைமாறும் பொருளுக்கு இன்றே விலை பேசும் சந்தைகளில், இந்த விதி நீண்ட காலம் பயன்தந்ததைக் காட்டியது. 2022 இல் அமெரிக்கப் பங்குகளும் கடன்முறிகளும் சேர்ந்தே விழுந்தபோது, இந்த வகை நிதியங்களின் குறியீடு ஒன்று சுமார் 27 சதவீதம் ஏறியது. அதற்கு முன் பல ஆண்டுகள் அது சோர்ந்து கிடந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிலர் இன்னும் ஓர் அடி போனார்கள். நியூயோர்க் பங்கு, ஜேர்மன் கடன்முறி, எண்ணெய், தங்கம் ஆகிய பெரிய சந்தைகளை உலகின் அதே பெரிய கைகளே வைத்திருக்கின்றன. அந்தக் கைகளுக்குக் காசு தேவைப்பட்டால் எல்லாவற்றையும் சேர்த்து விற்பார்கள். ஆகவே வேறு காரணங்களால் அசையும் சின்னச் சந்தைகளைத் தேடினார்கள். லண்டனில் மான் குழுமத்தின் ஏஎச்எல் பிரிவு 2005 இலிருந்தே இப்படிப்பட்ட மாற்றுச் சந்தைகளுக்கென்று தனித் திட்டம் நடத்துகிறது. ஐரோப்பிய மின்சாரம் ஓர் உதாரணம். சேமித்து வைக்க இலகுவில்லாத பொருள் என்பதால் நோர்வேயில் பெய்யும் மழையும் வட கடலில் வீசும் காற்றும் அதன் விலையை ஆட்டும். சீனாவின் ஜெங்ஜோ சந்தையில் 2017 டிசம்பரிலிருந்து அப்பிள் பழத்துக்கு எதிர்கால ஒப்பந்தம் உண்டு. அடுத்த ஏப்ரலில் ஷான்சி மாகாணத்துப் பழத்தோட்டங்களில் உறைபனி விழ, அப்பிள் விலை பாய்ந்தது. அமெரிக்க வட்டிவீதத்துக்கும் அந்த உறைபனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தாலியன் சந்தையில் முட்டை விற்கிறார்கள். மலேசியாவில் செம்பனை எண்ணெய்க்கு 1980 இலேயே எதிர்காலச் சந்தை தொடங்கிவிட்டது. 1992 இல் ஃபுளோரிடாவை அடித்த அன்ட்ரூ சூறாவளிக்குப் பிறகு புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் கடன்முறிகள் வந்தன. நட்டம் வரலாம், ஆனால் அது பங்குச் சந்தை விழுந்ததால் வராது.

வெங்காயத்துக்கு என்ன ஆனது என்று இங்கே யாராவது கேட்பீர்கள். அந்தக் கதை சுவையானது. 1955 இல் வின்சன்ட் கொசுகா, சாம் சீகல் என்ற இருவர் சிக்காகோவில் இருந்த வெங்காயம் ஏறக்குறைய முழுவதையும் எதிர்கால ஒப்பந்தங்களோடு சேர்த்து வளைத்துப் போட்டார்கள். பிறகு விலை விழும் என்று மறுபக்கம் பந்தயம் கட்டிவிட்டு, கையிலிருந்ததைச் சந்தையில் கொட்டினார்கள். ஓகஸ்டில் 50 இறாத்தல் மூட்டை 2.75 டொலர், அடுத்த மார்ச்சில் 10 சதம். உள்ளே இருந்த வெங்காயத்தைவிடச் சாக்குக்கு விலை கூட. கமக்காரர் கொதித்தெழ, பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்ட் கொண்டுவந்த சட்டம் 1958 இல் நிறைவேறியது. அமெரிக்காவில் வெங்காயத்துக்கு எதிர்கால ஒப்பந்தம் இன்றுவரை சட்டவிரோதம்.

நம் சின்ன வெங்காயம் அந்தக் கட்டத்துக்கே வரவில்லை. திருநெல்வேலிச் சந்தைக்கோ மருதனார்மடத்துக்கோ கொண்டுபோனால் பத்து வீதம் 'கழிவு' என்று எடுப்பது பழக்கம். 100 கிலோ கொண்டுபோனவருக்கு 90 கிலோவுக்கே காசு. தரம் பிரித்து நிறுக்கும் ஒழுங்கு இல்லாத இடத்தில் எதிர்கால ஒப்பந்தம் எழுத முடியாது, எந்த வெங்காயத்துக்கு எழுதுவது? இந்தக் கழிவை நிறுத்தச் சொல்லிப் பல முறை உத்தரவு வந்தும் பழக்கம் போகவில்லை. கணினியையும் இலண்டனையும் பற்றிப் பேசுவதற்கு முன் இந்தத் தராசைச் சரிசெய்வது கமக்காரருக்குக் கூடிய நன்மை தரும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் தரவே இல்லை என்று சொல்ல முடியாது. ஹெக்டர் கொப்பேகடுவ ஆய்வு நிறுவனம் மரக்கறி விலைகளைத் தொடர்ந்து வெளியிடுகிறது. பொருளியல், கணித மாணவர்கள் அதை எடுத்துப் போக்கு விதியைச் சோதித்துப் பார்க்கலாம். சோதிக்கும்போது ஓர் எச்சரிக்கை. ஐந்து சதவீதப் பொருண்மை மட்டத்தில் பெறுமதியற்ற நூறு விதிகளைச் சோதித்தால், அவற்றில் சராசரியாக ஐந்து தற்செயலாகவே சிறப்பாகத் தெரியும். அந்த ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடன் வாங்கி முதலிட்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

பெரியவர்களும் விழுந்திருக்கிறார்கள். 1994 இல் தொடங்கிய லோங் டேர்ம் கப்பிட்டல் மனேஜ்மன்ட் என்ற நிதியத்தில் 1997 இல் நோபல் பரிசு பெற்ற மேர்ட்டன், ஷோல்ஸ் இருவரும் பங்காளிகள். அமெரிக்கா, இத்தாலி, டென்மார்க், ஜப்பான் என்று நாடு நாடாகப் பரப்பி வைத்திருந்தார்கள். 1998 ஓகஸ்ட் 17 ஆம் திகதி ரஷ்யா தன் கடனை நிறுத்தியது. உலகெங்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் பாதுகாப்பைத் தேடி ஓட, அவர்களுடைய பந்தயங்கள் எல்லாம் ஒரே திசையில் திரும்பின. செப்டெம்பரில் 14 நிதி நிறுவனங்கள் கூடி 3.6 பில்லியன் டொலர் போட்டு அதை ஏற்க வேண்டியதாயிற்று. 2007 ஓகஸ்டில் இன்னொரு பாடம்.  ஒரே விதிகளை ஒரே தரவிலிருந்து கற்ற நிதியங்கள் ஒரே பங்குகளை வைத்திருந்தன. ஒன்று விற்கத் தொடங்கியதும் மற்றவை விழுந்தன. அங்கே பொதுக் காரணமாக இருந்தது முதலீட்டாளர்களேதான். மாற்றுச் சந்தைகளுக்கும் இது நாளை வரலாம். சின்னச் சந்தை என்பதால்தான் அது தனித்து நிற்கிறது. எல்லோரும் உள்ளே வந்துவிட்டால் அந்தத் தனிமை போய்விடும்.

நம் அனுபவத்துக்கு வருகிறேன். 2021 இன் கடைசி மாதங்களில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவில் நகராமல் நின்றது. ஆட்டத்தை வைத்து ஆபத்தை அளக்கும் கணினி, ரூபாவைப் போல் பாதுகாப்பான நாணயம் இல்லை என்று சொல்லியிருக்கும். 2022 மார்ச் 7 ஆம் திகதி கட்டு அவிழ்ந்தது. மே மாதத்தில் டொலர் 360 ஐத் தொட்டது. ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டிகளை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியது. 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் நிறுத்தப்பட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 69.8 சதவீதப் பணவீக்கம் காட்டியது.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஓய்வூதியம், தேசிய சேமிப்பு வங்கியில் நிலையான வைப்பு, ஊழியர் சேமலாப நிதி, திறைசேரி உண்டியல், கொழும்புப் பங்குச் சந்தையில் வங்கிப் பங்கு என்று ஐந்து இடத்தில் பிரித்து வைத்திருந்த குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்துக்கும் பின்னால் இருந்த கடனாளி ஒருவர்தான், இலங்கைத் திறைசேரி. அது தடுமாற ஐந்தும் தடுமாறின. சேமலாப நிதியின் முறிகள் அடுத்த ஆண்டு குறைந்த வட்டி முறிகளாக மாற்றப்பட்டன. டொலரில் இருந்தால் தப்பலாம் என்று எண்ணி அரசாங்கத்தின் இலங்கை அபிவிருத்தி முறிகளை வாங்கியவர்களுக்கும் கடைசியில் பெரும்பாலும் ரூபாவே கிடைத்தது. நாணயம் வேறாக இருந்தது, கடனாளி அதே ஆள்.

அப்போது கைகொடுத்தது நகையும் வெளிநாட்டுக் காசும். அதனால் தங்கமே கதி என்று சொல்கிறவர்களுக்கு 2013 ஏப்ரலை ஞாபகப்படுத்துகிறேன். இரண்டு வேலைநாளில் உலகத் தங்க விலை 13 சதவீதம் அளவில் விழுந்தது. அடகுக்கு அளவுக்கு மேல் கடன் கொடுத்திருந்த நம் வங்கிகள் தள்ளாட, அடுத்த ஆண்டு மத்திய வங்கி கடன் உத்தரவாதத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. காணி ஒருநாளும் கைவிடாது என்பவர்கள் வலிகாமம் வடக்கைக் கேளுங்கள். 1990 ஜூனில் மயிலிட்டியையும் பலாலியையும் விட்டு வெளியேறியவர்கள் கையில் பல பத்தாண்டுகளுக்கு உறுதி மட்டுமே இருந்தது. உறுதியில் எழுதிய காணிக்குள் கால் வைக்க முடியவில்லை.

ஆகவே வீட்டுக்கும் நிதியத்துக்கும் நான் சொல்லும் கணக்கு சிறியது. ஒரு தாளில் உங்கள் சொத்துக்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைப் பாதியாக்கக்கூடிய சம்பவம் எது என்று எழுதுங்கள். அது இதுவரை நடந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டாம். ஒரே சம்பவம் திரும்ப வந்தால் அழித்துவிடுங்கள். மிஞ்சுகிற வரிகளே உங்கள் பரவலாக்கம். முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு என்ற பெயரில் கணினி செய்வதும் ஏறத்தாழ இதுதான். நடக்காத சம்பவத்தை எழுத அதற்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

இந்த ஊரிலேயே இதை நன்றாகச் செய்த ஓர் அமைப்பு இருக்கிறது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கான நிதியத்தை அமெரிக்காவில், பொஸ்டனில், ஓர் அறங்காவலர் குழு 1870 களின் பிற்பகுதியிலிருந்து வைத்து நிர்வகித்து வந்தது. நாடு வேறு, நாணயம் வேறு, நீதிமன்றமும் வேறு. 1967 வரை டொலர் 4 ரூபா 76 சதம். 2025 இல் ஏறக்குறைய 300. முதலீட்டில் எந்த மேதாவித்தனமும் இல்லாமல், வேறோர் இடத்தில் இருந்தது என்ற ஒரே காரணத்தால், அந்த நிதியத்தின் ஒவ்வொரு டொலரும் ரூபாவில் அறுபது மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது.

புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழக நிதியத்துக்கும் நமக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்து பொருள் சேர்த்த எலிஹு யேல் 1718 இல் அனுப்பிய துணிப் பொதிகளை விற்ற காசில்தான் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. 1985 இலிருந்து டேவிட் ஸ்வென்சன் அதைக் காடு, தனியார் கம்பனி, ஹெட்ஜ் ஃபண்ட் என்று மாற்றுச் சொத்துக்களில் பரப்பிப் பெருக்கினார். 2009 ஜூனில் முடிந்த நிதியாண்டில் அதுவும் கால்பங்கு அளவில் விழுந்தது. ஆனாலும் கல்லூரி மூடவில்லை. வந்த வருமானம் எல்லாவற்றையும் செலவழிக்காமல், நிதியத்திலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சதவீதமே எடுப்பது என்ற விதியை எழுதிவைத்திருந்தார்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெட்ஜ் ஃபண்ட் என்ற சொல்லை நம்மில் பலர் கேட்டது 2009 ஒக்டோபரில் இலங்கைத் தமிழரான ஹெட்ஜ் ஃபண்ட் அதிபர் ராஜ் ராஜரத்தினம் நியூயோர்க்கில் கைதானபோது. உட்தகவலை வைத்து வணிகம் செய்ததாக 2011 இல் 14 குற்றச்சாட்டுகளில் தீர்ப்பாகிப் பதினோராண்டு சிறை கிடைத்தது. தாம் குற்றமற்றவர் என்று அவர் பின்னர் நூல் எழுதினார். அந்த வழக்கில் சாட்சியாக நின்றவை தொலைபேசி ஒலிப்பதிவுகள். கணிதம் நீதிமன்றத்துக்கு வரவில்லை. இப்போது கைத்தொலைபேசியில் வேறு வகை ஆசை காட்டுகிறார்கள். 'எங்கள் அல்கோரிதம் நாளுக்கு ஒரு சதவீதம் தரும், இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள்' என்பார்கள். ஆட்களைச் சேர்த்தால்தான் காசு என்றால் அது பிரமிட் திட்டம். வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு அதைத் தடைசெய்கிறது, மத்திய வங்கி பெயர்ப்பட்டியலே வெளியிட்டிருக்கிறது. உண்மையான சந்தையிலும் நிலைமை இலேசில்லை. இந்தியாவில் செபி 2024 இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று ஆண்டுகளில் எதிர்கால, தெரிவு ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள்; மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி இந்திய ரூபாவுக்கு மேல். எதிர்ப்பக்கத்தில் நிறுவனங்கள் பெற்ற இலாபத்தில் 96, 97 சதவீதம் கணினிவழி வணிகத்தில் வந்தது. அந்த மேசையில் தனியாளாகப் போய் உட்காராதீர்கள். கணிதம் படித்து, விதி எழுதுகிறவராகப் போங்கள்.

இங்குள்ள அறக்கட்டளை ஒன்று ஜெங்ஜோ அப்பிளையோ நோர்வே மின்சாரத்தையோ வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். 2017 இன் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் ஒரு பக்கம், 1917 இன் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் மறுபக்கம். ஆனால் இரண்டு காரியம் இன்றே செய்யலாம். ஒன்று செலவு விதி. வட்டி 15 சதவீதமும் பணவீக்கம் 10 சதவீதமும் என்றால், செலவுக்கு உரியது ஐந்துதான். மிச்சத்தை முதலோடு சேர்த்துவிடுங்கள். பரிசுத்தொகை சிறிதாக இருக்கும், அடுத்த தலைமுறையிலும் இருக்கும். மற்றது கனடாவிலும் பிரித்தானியாவிலும் சுவிற்சர்லாந்திலும் இருந்து இங்கே பெற்றோர் பெயரால் அறக்கட்டளை நிறுவ விரும்புகிறவர்களிடம் வைக்கும் வேண்டுகோள். முழுத் தொகையையும் இங்கே அனுப்பி ஒரே வங்கியில் ஒரே நாணயத்தில் வைக்கச் சொல்லாதீர்கள். ஒரு பகுதியை இங்கே வையுங்கள். மறுபகுதியை நீங்கள் வாழும் நாட்டுச் சட்டத்தின்கீழ், பதிவுசெய்த அறநிதியமாக, பெயர் தெரிந்த அறங்காவலர்களின் பொறுப்பில் வைத்து, வருமானத்தை மட்டும் ஆண்டுதோறும் அனுப்புங்கள். இரண்டு பகுதிக்குமான கணக்கையும் ஒவ்வோர் ஆண்டும் இதுபோன்ற கூட்டத்தில், சொற்பொழிவு தொடங்குவதற்கு முன் வாசியுங்கள்.